தூணைத் திருடன் என்று பிடித்த கதை

அருவங்காடு பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஊருக்கெல்லாம் பக்கத்துக்கு 2 ரூபாய், எனக்கு மட்டும் சும்மா. ஆதார் அட்டையாக இருந்தாலும் சிட்டாவாக இருந்தாலும், நான் சட்டைப் பையில் கைவிடும்போதே கடைக்காரர் "அட, வைங்க சார்" என்று கையைப் பிடித்துக்கொள்வார். பத்து வருடமாக இதே நாடகம். முதல் இரண்டு வருடம் உண்மையாகவே பைக்குள் கையை விட்டேன். இப்போதெல்லாம் கை பைவரை போய்த் தானாகத் திரும்பிவிடுகிறது.

அவருடைய கம்ப்யூட்டரை நான் காப்பாற்றிக் கொடுத்தேன் என்பது அவர் நினைப்பு. அதைச் சாகடித்தவனும் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது.

ஜெகதளாவில் எனக்கு 'கம்ப்யூட்டர் சார்' என்று பெயர். நான் எங்கேயும் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரின் செல்போன் மணி காதில் விழவில்லை என்றார், சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தேன். அவர் அதை ஊர் முழுக்கச் சொன்னார். பிறகு கரண்ட் பில், பாஸ்போர்ட், பரீட்சை ரிசல்ட் என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் ஒருவர் மிக்ஸியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நான் அதையும் திறந்து பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருப்பி மூடத் தெரியவில்லை.

என் பிழைப்பு இலைக் கணக்கு. எங்கள் பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்களே அதிகம். பறித்த பசுந்தேயிலையைச் சாயங்காலம் லீப் வண்டி வந்து எடை போட்டு ஏற்றிக்கொண்டு போகும். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து எழுதிய துண்டுச் சீட்டு கையில் நிற்கும். பணம் மாசத்துக்கு ஒரு தடவை. அந்தச் சீட்டுகளையெல்லாம் சேர்த்து எக்செல்லில் ஏற்றி, யாருக்கு எத்தனை கிலோ, முன்பணம் போக மீதி எவ்வளவு என்று பிரின்ட் எடுத்துக் கொடுப்பேன். அப்போது என்னிடம் 62 பேருடைய கணக்கு இருந்தது.

நடந்தது 2014 டிசம்பரில். உறைபனி இறங்கித் தேயிலை கருகும் மாதம். வரும் இலையும் குறைவு, வரும் பணமும் குறைவு. ஆனால் எங்கள் ஊரில் ஹெத்தை ஹப்பா வரப்போகிறது. ஹெத்தையம்மன் திருவிழா என்றால் ஊரே வெள்ளை உடுத்தும், வெளியூரில் இருப்பவர்களெல்லாம் வீடு திரும்புவார்கள். கையில் நாலு காசு வேண்டிய நேரம். 62 வீட்டிலும் என் பிரின்டுக்காகக் காத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் அருவங்காடு கார்டைட் பேக்டரியில் இருந்தவர். 1903ல் வெள்ளைக்காரன் தொடங்கிய வெடிமருந்து ஆலை. வெடிமருந்துக்குள் போகிறவன் மடியில் தீக்குச்சி இருக்கலாமா? அப்பா ஓய்வுபெற்ற பிறகும், கடைக்கு வெற்றிலை வாங்கப் போகும்போதுகூட வாசலில் நின்று தன் பைகளைத் தானே தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். அந்தப் பழக்கம் எனக்கு வேறு ரூபத்தில் வந்து சேர்ந்தது. நான் ஆன்ட்டிவைரஸ் போட்டேன்.

எந்தக் கம்பெனி ஆன்ட்டிவைரஸ் என்பதை விட்டுவிடுவோம். அதில் ஒரு திருகு இருந்தது. சந்தேகப்படும் அளவு: குறைவு, நடுத்தரம், அதிகம். நடுத்தரம் போதும் என்று அதுவே சிபாரிசு செய்திருந்தது. காவலுக்கு நாய் வாங்குகிறவன் பாதி குரைக்கும் நாயையா வாங்குவான்? நான் 'அதிகம்' என்பதில் வைத்தேன். திருடனை அங்க அடையாளம் வைத்துப் பிடிக்கிற போலீஸ் மாதிரிதான் ஆன்ட்டிவைரஸும். வலது கன்னத்தில் மச்சம், ஐந்தரை அடி உயரம் என்று ஒரு பட்டியல் தினமும் கம்பெனியிலிருந்து வரும். கோப்புகளின் உள்ளே இருக்கும் எண் வரிசைகளை அந்தப் பட்டியலோடு ஒப்பிடும். 'அதிகம்' என்று வைத்தால் மச்சமே வேண்டாம், நடை கொஞ்சம் ஒத்துப்போனால் போதும், பிடித்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு முழுச் சோதனையைத் தொடங்கினேன். வெளியே மூடுபனி. 11 மணி சுமாருக்குக் கம்ப்யூட்டர் கூவியது. திரையில் சிவப்புப் பட்டை, 11 ஆபத்துகள். எல்லாமே சி டிரைவில், விண்டோஸ் என்ற போல்டருக்குள், சிஸ்டம்32 முதலான அறைகளில் பதுங்கியிருந்தன. யூசர்இனிட், ரன்டிஎல்எல்32, வின்ஸ்பூல் என்று என்னென்னவோ பெயர்கள். அந்தப் பெயர்களைப் பார்த்த உடனே எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. நல்ல குடும்பத்துக் கோப்புக்கு ரன்டிஎல்எல்32 என்று யாராவது பெயர் வைப்பார்களா?

அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது பயம் இல்லை, பெருமை. ஒன்று இல்லை, இரண்டு இல்லை, பதினொன்று! 'அனைத்தையும் சுத்தம் செய்' என்பதை அழுத்தினேன். உயிரோடு இருக்கும் வைரஸ் இன்டர்நெட் வழியாகத் தப்பிவிடக் கூடாது என்று டேட்டா கார்டைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன். பூட்டினேன் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். ஆன்ட்டிவைரஸ் பிடித்த கோப்புகளை உடனே கொன்றுவிடாது. ஒரு தனி அறையில் பூட்டி வைக்கும். அந்த அறைக்குக் குவாரன்டைன் என்று பெயர். 2020க்குப் பிறகு பால்வாடிக் குழந்தைக்கும் தெரிந்துவிட்ட வார்த்தை. 2014ல் எனக்குத் தெரியாது. குவாரி மாதிரி ஏதோ, வெட்டிப்போட்ட கல்லும் மண்ணும் கொட்டும் இடம் என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் 11 பேரும் வரிசையாக இருந்தார்கள். வீட்டுக்குள் பாம்பைப் பிடித்து அண்டாவில் போட்டு மூடிவிட்டுத் தூங்குவதா? அனைத்தையும் தேர்ந்தெடுத்து 'நிரந்தரமாக நீக்கு' என்றேன். நிச்சயமாகவா என்று அது ஒரு முறை கேட்டது. நிச்சயமாக என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு நிச்சயமாக நான் எதற்கும் பதில் சொன்னதில்லை, என் கல்யாணம் உட்பட.

மறுநாள் காலை கம்ப்யூட்டரை அப்படியே ஓடவிட்டுவிட்டு அருவங்காட்டுக்கு இறங்கினேன். டீக்கடையில் நான் வேட்டைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஜெராக்ஸ் கடைக்காரரும் நின்றிருந்தார். "நம்ம சிஸ்டமும் கொஞ்ச நாளா ஸ்லோவா இருக்குங்க சார்" என்றார். கேட்க வேண்டுமா? பென் டிரைவில் அதே ஆன்ட்டிவைரஸ், அதே பழைய பட்டியல், அதே 'அதிகம்'. அவருடையதும் என்னுடையது போலவே விண்டோஸ் 7. அவர் வீட்டில் 9 திருடர்கள் அகப்பட்டார்கள். சுத்தம் செய் என்பதை அழுத்திவிட்டு, குவாரன்டைன் அறையைக் காலி செய்யப் போன நேரத்தில் டீயும் வர்க்கியும் வந்தன. வர்க்கி சூடாக இருந்தது. அறையைக் காலி செய்ய மறந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் மறந்துபோய்ச் செய்த ஒரே நல்ல காரியம் அது.

"ராத்திரி ஷட்டவுன் பண்ணிட்டு நாளைக்குக் காலையில போடுங்கண்ணா, ராக்கெட் மாதிரி போகும்" என்று சொல்லிவிட்டு ஊருக்கு ஏறினேன்.

வீட்டுக்கு வந்து என் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தேன். பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன். 'நல்வரவு' என்றது. பிறகு திரை கறுத்தது. கறுப்பின் நடுவில் வெள்ளை அம்பு மட்டும். சுட்டியை அசைத்தால் அம்பு அசைந்தது. அவ்வளவுதான் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது. அரை மணி நேரம் நானும் அம்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

யூசர்இனிட் என்பது யார் என்று பிறகுதான் படித்தேன். பாஸ்வேர்டு சரியென்றதும் நமக்கு முன்னால் உள்ளே போய், விளக்கைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, டெஸ்க்டாப்பை எழுப்பிவிடுகிற ஆள். ரன்டிஎல்எல்32 இன்னும் பாவம். தானாக நடக்கத் தெரியாத டி.எல்.எல். கோப்புகளைக் கைப்பிடித்துக் கூட்டிவரும் வேலை அதற்கு. அசல் வைரஸ்களும் இதன் தோளில் ஏறி வருவது உண்டு. அதனால் பார்க்கிறவர்களுக்கு இதன் முழியே திருட்டு முழியாகத் தெரியும். வின்ஸ்பூல் பிரின்டருக்கும் புரோகிராம்களுக்கும் நடுவே நிற்கிற தரகர். மொத்தத்தில் நான் வீட்டுக்குள் புகுந்த திருடர்களைப் பிடிக்கவில்லை. வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்த தூண்களைப் பிடித்து, கட்டி, ஆற்றில் விட்டிருக்கிறேன்.

கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வந்தது. அங்கிருந்து எக்ஸ்ப்ளோரரைக் கையால் கூப்பிட்டால் டெஸ்க்டாப்பும் வந்தது. பாதி உயிர் வந்தது. ஆனால் நோட்பேடைத் திறந்தால், வின்ஸ்பூல் இல்லாததால் தொடங்க முடியவில்லை, புரோகிராமை மறுபடி நிறுவிப் பாருங்கள் என்று செய்தி. நோட்பேடை எந்தக் கடையில் வாங்கி நிறுவுவது? இலைக் கணக்கு உள்ளே பத்திரமாக இருந்தது. ஆனால் பிரின்டர் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அந்தக் கம்ப்யூட்டருக்கு மறந்துவிட்டது.

இப்போது முதல் குற்றத்தைவிடப் பெரிய குற்றத்துக்கு வருகிறேன். அன்று மத்தியானம் 2 மணிக்கெல்லாம் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஷட்டவுன் செய்தால்தான் விழும் என்பதும் தெரியும். ஒரு போன் போட்டு, "அண்ணா, அணைச்சிடாதீங்க" என்று சொன்னால் போதும். செல்போனை எடுத்தேன். அவர் பெயர்வரை போனேன். 'கம்ப்யூட்டர் சார்' என்ற பட்டம் கண் முன்னால் வந்து நின்றது. போனைக் கவிழ்த்து வைத்தேன். கடை சாத்தும் நேரம் ராத்திரி 8. எட்டே காலுக்கு எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்ற நிம்மதி.

காலை 9:10க்குப் போன் வந்தது. "சார், கறுப்பா வருதுங்க. அம்பு மட்டும் இருக்கு."

"அம்பு வெள்ளையா இருக்கா?" என்று கேட்டேன். டாக்டர் மாதிரி ஏதாவது கேட்க வேண்டுமே.

"வெள்ளைதாங்க."

"அப்ப பயமில்லைண்ணா. வைரஸ் போகிற போக்கில முக்கியமான பைலையெல்லாம் தின்னுட்டுப் போயிருக்கு. நல்லவேளை, நேத்தே பிடிச்சோம். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மொத்தமும் போயிருக்கும்."

"தெய்வமே" என்றார் அவர். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த நாலு நாள் நான் செய்த வைத்தியங்களைச் சொல்கிறேன். விண்டோஸில் எஸ்.எப்.சி. என்று ஒரு கட்டளை உண்டு. கறுப்புச் சன்னலில் அதை ஸ்கேன்நவ் என்று சேர்த்து அடித்தால், தன் கோப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, காணாமல் போனதற்குப் பதில் சேமிப்பறையிலிருந்து மாற்றுக் கோப்பை எடுத்து வைக்கும். 47 சதவீதம் வரை போனபோது எங்கோ சில்வர் ஓக் கிளை கம்பி மேல் விழுந்து கரண்ட் போனது. யு.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கிவிட்டு அதுவும் படுத்துக்கொண்டது. சாயங்காலம் மறுபடி. இந்தத் தடவை 100. 'பழுதான கோப்புகளைக் கண்டேன், சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை' என்று வந்தது. ஏன் முடியவில்லை? சேமிப்பறைக்கு வின்எஸ்எக்ஸ்எஸ் என்று பெயர். அங்கே இருப்பது தனி நகல்கூட இல்லை, ஒரே கோப்புக்கு இரண்டு வாசல் வைத்த மாதிரி ஏற்பாடு. ஒரு வாசலில் பிடித்த ஆன்ட்டிவைரஸ் மறு வாசலிலும் அதே ஆளைப் பார்த்து, கூட்டாளி என்று அவனையும் தூக்கியிருந்தது. பதினொன்று என்று நான் பெருமைப்பட்டதில் பாதிக்கு மேல் இப்படி இரட்டைக் கணக்கு.

சிஸ்டம் ரீஸ்டோர் செய்து பழைய தேதிக்குத் திரும்பலாமே என்று கேட்பீர்கள். அந்த வசதியில் வைரஸ் ஒளிந்துகொள்ளும் என்று எங்கோ படித்து ஆறு மாதத்துக்கு முன்பே அணைத்து வைத்திருந்தேன். விண்டோஸ் டிவிடி? இருந்தது. நீலகிரியில் ஜூன் முதல் மழையும் பனியும் சேர்ந்து செருப்பு, பெல்ட், கேமரா லென்ஸ் எல்லாவற்றிலும் பூஞ்சை ஏற்றிவிடும். டிவிடியை உறையிலிருந்து எடுத்தால் கோலம் போட்ட மாதிரி வெள்ளை வளையங்கள். வேட்டி நுனியால் துடைத்தேன். டிரைவுக்குள் போட்டதும் மலையேறும் லாரி மாதிரி உறுமிவிட்டு வெளியே துப்பியது.

இரண்டாம் நாள் எதிர்வீட்டுப் பெண்ணின் லேப்டாப் நினைவுக்கு வந்தது. அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். 2011 செப்டம்பர் 15ல் தொடங்கிய திட்டம். முதல் வருடத்து லேப்டாப்பில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பெண் பிளஸ் டூவில் வாங்கியது, அப்போது காலேஜுக்குப் போய்விட்டிருந்தாள்.

"பாப்பா, உன் விண்டோஸும் ஏழு, என் விண்டோஸும் ஏழு. மூணு பைல் கடன் கொடு."

"உங்களுது எத்தனை பிட்டு அங்கிள்?"

கேள்வி புரியவில்லை. "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றேன்.

ஒன்று இல்லை. ஸ்டார்ட்டர் 32 பிட்டில் மட்டுமே வரும், என்னுடையது 64. இங்கே மைக்ரோசாப்ட் ஒரு விளையாட்டு விளையாடியிருக்கிறது. 64 பிட் விண்டோஸில் 64 பிட் கோப்புகள் இருக்கும் அறைக்குச் சிஸ்டம்32 என்று பெயர். 32 பிட் கோப்புகள் இருக்கும் அறைக்கு 64 என்று முடிகிற பெயர். நான் பெயரை நம்பி 32ஐ 32ல் கொண்டுபோய் வைத்தேன். அதுவரை வின்ஸ்பூல் இல்லை என்று தமிழனுக்குப் புரிகிற மாதிரி அழுதுகொண்டிருந்த நோட்பேடு, அதற்குப் பிறகு பூஜ்யம் எக்ஸ் சி பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் ஏழு பி என்று மந்திரம் சொல்ல ஆரம்பித்தது.

அந்த மந்திரத்துக்குப் பொருள் தேடித்தான் குன்னூர் பெட்போர்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். என் டேட்டா கார்டு டிராயருக்குள், சாவி எங்கே என்று தெரியவில்லை. அங்கே உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்தபோதுதான் என் இனம் பெரியது என்று தெரிந்தது. 2007 மே மாதம் சைமன்டெக், சீன மொழி விண்டோஸ் எக்ஸ்.பி.யின் இரண்டு டி.எல்.எல். கோப்புகளை வைரஸ் என்று பிடித்ததில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் எழுந்திருக்கவில்லை. 2010 ஏப்ரல் 21ல் மெக்காபியின் 5958 என்ற எண்ணிட்ட பட்டியல், எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 3ல் எஸ்விசி ஹோஸ்ட் என்ற கோப்பைப் பிடித்தது. விண்டோஸின் பாதிச் சேவைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கிற கோப்பு அது. அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகள் தடுமாறின, ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனம் சில கடைகளை மூடியது. அந்த வகை எக்ஸ்.பி. அவர்களுடைய சோதனை வரிசையிலேயே இல்லாமல் போயிருந்தது என்று கம்பெனியே பிறகு ஒப்புக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்தது 2012 செப்டம்பர் கதை. சோபோஸ் ஆன்ட்டிவைரஸ் தன்னுடைய அப்டேட் புரோகிராமையே வைரஸ் என்று பிடித்து உள்ளே போட்டது. தவறைத் திருத்தும் புதிய பட்டியலைக் கொண்டுவர வேண்டியதும் அதே புரோகிராம்தான். அதைப் படித்தபோது என் டிராயரும் சாவியும் கண்ணில் வந்தன. இப்படிப்பட்ட தவறுகளுக்குச் சில மணி நேரத்தில் திருத்தம் வந்துவிடும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்தது. எனக்கும் வந்திருக்கும். நான்தான் வாசலைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா மகனைப் பிடித்தேன். அவனிடம் 64 பிட் விண்டோஸ் 7 இருந்தது. மெயிலில் அனுப்பிப் பார்த்தான். இந்த வகைக் கோப்புகளை அனுப்ப மாட்டேன் என்று மெயில் மறுத்துவிட்டது. "மாமா, பென் டிரைவுல போட்டு ஊட்டி பஸ்ல குடுத்து விடறேன், அருவங்காட்டுல வாங்கிக்கங்க" என்றான். மாரி பிஸ்கட் டப்பாவுக்குள் பஞ்சு சுற்றி வைத்து அனுப்பியிருந்தான். கண்டக்டர் டப்பாவை ஆட்டிப் பார்த்துவிட்டு, "மாத்திரைங்களா?" என்றார். "ஆமாங்க, ஒருத்தர் ரொம்ப சீரியஸ்" என்றேன். அது மட்டும் பொய்யில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து பென் டிரைவைச் செருகினேன். மூன்று முறை கூவியது. சிவப்புப் பட்டை. 'ஆபத்து கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது.' திறந்து பார்த்தால் பென் டிரைவில் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரில் பாதி உறுப்பு போயிருக்கிறது, டெஸ்க்டாப் தானாக எழவில்லை, பிரின்டர் செத்துக் கிடக்கிறது. ஆனால் ஆன்ட்டிவைரஸுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, முழு ஆரோக்கியத்தோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மருந்தைக் கொண்டுவந்த ஆளையும் வாசலிலேயே பிடித்துவிட்டது.

மயக்கம் வராத குறையாக அந்தக் குவாரன்டைன் அறையைத் திறந்தேன். கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வந்த மூன்று பேரும் அங்கே நின்றிருந்தார்கள். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'நிரந்தரமாக நீக்கு'. எனக்குப் பழக்கமானது. பக்கத்திலேயே, அதே அளவில், அதே நிறத்தில் இன்னொன்று. 'மீட்டெடு.'

அது வெள்ளிக்கிழமை ராத்திரியும் அங்கேதான் இருந்தது.

மீட்டெடுத்தேன். சந்தேகத் திருகை நடுத்தரத்துக்கு இறக்கினேன். மூன்று கோப்புகளையும் விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்தேன். சிஸ்டம்32ல் ஒட்டியாயிற்று. சேமிப்பறையிலும் ஒட்டப் போனால், உங்களுக்கு அனுமதி இல்லை என்றது. அட்மினிஸ்ட்ரேட்டர் என்று நெஞ்சில் பட்டை குத்திக்கொண்டு வந்தாலும் அந்த அறைக்கு நாம் சொந்தக்காரர் இல்லை. டிரஸ்டெட் இன்ஸ்டாலர் என்று ஒருவர் பெயரில் பத்திரம் இருக்கிறது. பிறகு எப்படி ஆன்ட்டிவைரஸ் மட்டும் தூணைப் பிடுங்கியது என்றால், அதன் அதிகாரம் வீட்டுக்காரனுக்கும் மேலே. காவல்காரனிடம் நாமே கொடுத்து வைத்த அதிகாரம். டேக்ஓன் என்ற கட்டளையால் பத்திரத்தை என் பெயருக்கு மாற்றி, ஐகேக்ல்ஸ் என்ற கட்டளையால் அனுமதி வாங்கி, ஒட்டினேன். இரண்டு கட்டளையையும் தப்பில்லாமல் அடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ரீஸ்டார்ட். நல்வரவு. டெஸ்க்டாப், என் பெண்ணின் போட்டோவோடு. பிரின்டர் 'கிர்ர்' என்று தொண்டையைச் செருமியது. ராத்திரி 1 மணிவரை இலைக் கணக்கை அடித்துத் தள்ளினேன்.

கடைசித் தாள் வெளியே வந்துகொண்டிருந்தபோதுதான் அந்த வர்க்கி ஞாபகம் வந்தது. ஜெராக்ஸ் கடையில் நான் குவாரன்டைன் அறையைக் காலி செய்யவில்லை! அவருடைய 9 கோப்புகளும் நாலு நாளாக அங்கேயே, சேதமில்லாமல், மீட்டெடு பொத்தானிலிருந்து ஒரு விரல் தூரத்தில் இருந்திருக்கின்றன. அவருடையதும் 64 பிட். கோயம்புத்தூரும் பஸ்ஸும் பிஸ்கட் டப்பாவும் தேவையே இல்லை. இறக்கத்தில் நடந்தால் எனக்கு வேண்டிய கோப்பெல்லாம் அவர் கடையிலேயே இருந்தது. அந்த நாலு நாளும் ஜெராக்ஸ் மெஷின் மட்டும் ஓட, மற்ற வேலைக்கு வந்தவர்களையெல்லாம் அவர் வெலிங்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

காலையில் போனேன். வாடிக்கையாளர்கள் பார்க்கக் கூடாது என்று ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னேன். டாஸ்க் மேனேஜர், எக்ஸ்ப்ளோரர், குவாரன்டைன், அனைத்தும், மீட்டெடு. அதற்குப் பிறகு பார்த்தால் மணி 9:40. நான் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

நாலு நாள் வியாபாரம் போனவரிடம் ஐந்து நிமிடத்தில் எழுந்து நின்று என்ன சொல்வது? கறுப்புச் சன்னலைத் திறந்து, தேவையே இல்லாமல், எஸ்.எப்.சி. ஸ்கேன்நவ் அடித்தேன். வெள்ளை எழுத்தில் சதவீதம் ஏறத் தொடங்கியது. அவர் பின்னால் நின்று என் தோள் வழியாகப் பார்த்தார். 12 சதவீதம். "எவ்வளவு பைல் சார் தின்னிருக்கு?" "எண்ணிக்கிட்டிருக்கு" என்றேன். 30 சதவீதத்தில் டீ வந்தது. 60ல் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். டிசம்பர் மாதம், வெளியே பனி, நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. ஆனாலும் துடைத்தேன். 100 வந்ததும் எழுந்து சோம்பல் முறித்தேன்.

அவர் கண் கலங்கியிருந்தது. "எவ்வளவு சார் தரணும்?" என்றார். "அட, வைங்கண்ணா" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வசனம் முதலில் என்னுடையதுதான்.

2024 ஜூலை 19ல், கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பழுதான அப்டேட் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்தது. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். எழுப்புவதற்கும் கைவைத்தியம்தான். ஒவ்வொரு மெஷினாக சேப் மோடில் திறந்து ஒரு கோப்பைத் தேடி அழிக்க வேண்டும். பாவம் என்று நினைக்க வேண்டிய இடத்தில் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளுகுளுப்பு. அங்கே போனது திருடன் என்று தப்பாகப் பிடித்ததால் அல்ல, காவல்காரனே கால் இடறி வீட்டுக்காரன் மேல் விழுந்ததால். ஆனாலும் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் மாதிரி இருந்தது.

மறுநாள் சிட்டா நகல் எடுக்க இறங்கினேன். ஜெராக்ஸ் கடைக்காரர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு எனக்காகவே காத்திருந்தார்.

"பார்த்தீங்களா சார், உலகத்துக்கே வந்திருக்கு. அன்னிக்கு நமக்கு வந்துச்சே, அதே வைரஸ்தானே?"

வைரஸே இல்லை என்று ஆரம்பிக்கலாம். அன்றைக்கும் இல்லை என்று அங்கிருந்து தொடரலாம். வாயைத் திறந்தேன்.

"அதே குடும்பம்ண்ணா" என்றேன்.

"அவங்களுக்கெல்லாம் உங்கள மாதிரி ஒரு ஆள் இல்ல" என்று சொல்லிக்கொண்டே சிட்டாவைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்தார். பச்சை வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. நாலு பக்கம். என் கை பைவரை போனது.

"அட, வைங்க சார்."